நாலாவது மாடிக் குடும்பம்

ஆள் இல்லாத கட்டடத்தில் யாரும் வீடு வாங்க மாட்டார்கள். யாரும் வாங்காத கட்டடத்தில் ஆள் எப்படி இருக்கும்? இந்த முடிச்சை அவிழ்க்கக் கட்டுமானக் கம்பெனிக்காரர்கள் ஏசி அறையில் உட்கார்ந்து யோசித்துக் கண்ட வழி, சம்பளம் கொடுத்து ஒரு குடும்பத்தைக் குடிவைப்பது. சாயங்காலம் விளக்கு எரிய வேண்டும், பால்கனியில் குழந்தைச் சட்டை காய வேண்டும், வெங்காயம் வதங்கும் வாசனை லிஃப்ட் வரைக்கும் வர வேண்டும். வீடு பார்க்க வருகிறவர்கள் கதவைத் தட்டினால், "நாங்க போன வருஷம் வாங்கினோம், நிம்மதியா இருக்கோம்" என்று சிரித்த முகமாகச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. குடும்பம் நடத்தக் கூலி கொடுத்தால் யாருக்காவது கசக்குமா?

டைல்ஸ்காரனுக்குக் கசக்கவில்லை. அந்தக் கட்டடத்துக்குத் தரைக்கல் பதித்தவர்களில் அவனும் ஒருவன். வேலை முடிந்த மறுநாளே மேஸ்திரி கைகழுவிவிட்டார். ஊர் என்னவோ நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்துகொண்டுதான் இருந்தது. போன வருஷம் சோளக்கொல்லையாக இருந்த இடத்தில் இந்த வருஷம் சரக்குக் கிடங்கு. பஸ் நிறுத்தம் வருவதற்கு முன்னாலேயே அதற்கு எதிரில் ஒரு பல் டாக்டர் வந்து உட்கார்ந்திருந்தார். திரும்பிய பக்கமெல்லாம் 'ஆட்கள் தேவை' பலகை. கிட்டே போய்ப் படித்தால்தான் விஷயம் தெரியும்: முப்பது வயதுக்குள், சொந்த வண்டியோடு, பன்னிரண்டாவது பாஸ். அவனுக்கு வயது முப்பத்தெட்டு. படிப்பு எட்டாவது. வண்டி என்று அவனிடம் இருந்தது இரண்டு கால்தான், அதிலும் மண்டிபோட்டு மண்டிபோட்டு முட்டி தேய்ந்து போயிருந்தது. கிடங்கில் ஒரு நாள் பெட்டி தூக்கச் சொல்லிப் பார்த்தார்கள். குனிந்தவன் நிமிர்வதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மூன்று மாதம் இப்படியே ஓடியது. கட்டடத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் அவனும் மனைவியும் ஐந்து வயது மகளும் கிடந்தார்கள். மழை வந்தால் வெளியே கொஞ்சமாகவும் உள்ளே நிறையவும் பெய்யும். அங்கேதான் குழாயடியில் மகளுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி, விற்பனை மேடத்தின் கண்ணில் பட்டாள். மேடம் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, மாடு பிடிக்க வந்த தரகன் மாதிரி தாயையும் பிள்ளையையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"இந்த முகம் போதும். விளம்பரத்துல வர்ற மாதிரியே இருக்காங்க. வீட்டுக்காரர் யாரு?"

டைல்ஸ்காரன் அரக்கப் பரக்க ஓடிவந்து நின்றான். மேடத்தின் முகம் ஒரு சுற்றுச் சுருங்கியது. இருந்தாலும் மூன்றும் ஒரே மூட்டையாகக் கிடைத்ததால் எடுத்துக்கொண்டாள். "கட்டடம் நிரம்பினதும் பராமரிப்பாளர் வேலை ஒண்ணு வரும். நிரந்தரம். கேட்டுக்குப் பக்கத்துலயே ரெண்டு ரூம் வீடு. அது உங்களுக்குத்தான். நான் சொன்ன சொல் மாற மாட்டேன்," என்றாள்.

அந்த இரண்டு ரூம்தான் அவன் மண்டைக்குள் ஆணியடித்து உட்கார்ந்துவிட்டது. தாழ்ப்பாள் போட ஒரு கதவு, யாரும் வந்து 'காலி பண்ணு' என்று சொல்லாத ஒரு மூலை. அதற்காக அவன் எதையும் செய்யத் தயாராக இருந்தான். செய்தும் காட்டினான். நான் அவனை நல்லவன் என்றும் சொல்லப்போவதில்லை, கெட்டவன் என்றும் சொல்லப்போவதில்லை. கூரைக்கு அலைகிறவனுக்கு இரண்டும் கட்டுப்படியாகாது.

நாலாவது மாடியில் குடியேறினார்கள். சோபா, ஃபிரிட்ஜ், ஓர் ஆள் மூழ்கும் அளவுக்கு மெத்தை, எல்லாம் கம்பெனியுடையது. மனைவி ஒரே வாரத்தில் தேறிவிட்டாள். வருகிறவர்களுக்கு டீ கொடுத்து, காற்று வரும் ஜன்னலைக் காட்டி, "பக்கத்துலயே ஸ்கூல் வரப்போகுதாம்" என்று அவள் சொல்கிறபோது டைல்ஸ்காரனுக்கே அந்த வீட்டை வாங்கிவிடலாமா என்று தோன்றும். பாப்பா ஹாலில் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டினாள். அவனுக்குத்தான் பேன்ட்டும் பொருந்தவில்லை, வேஷமும் பொருந்தவில்லை. ஏதோ கம்பெனியில் சூப்பர்வைசர் என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள். சிமென்ட் தின்ற விரல்களைப் பார்த்த மேடம், "கையை பாக்கெட்டுலயே வெச்சுக்கங்க" என்று தனியாக உத்தரவு போட்டிருந்தாள்.

கையை அடக்கிவிடலாம். காதை எந்தப் பாக்கெட்டில் வைப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். பேச்செல்லாம் முடிந்து முன்பணம் கொடுக்கிற கட்டம். பெரியவர் கைத்தடியை ஊன்றி ஹாலில் நடந்தார். டக், டக், டக், டொக்.

டைல்ஸ்காரனின் தலை தானாகத் திரும்பியது. பெரியவர் இன்னோர் அடி வைத்தார். டொக். அவ்வளவுதான், கை பாக்கெட்டிலிருந்து வெளியே வந்தது, முட்டி மடங்கியது, சூப்பர்வைசர் தரையில் மண்டிபோட்டு விரல் கணுவால் கல்லைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"கேட்டீங்களா சார்? அடியில கலவை நிரம்பல. இந்த வரிசை பூரா வெத்து. ரெண்டு மழைக்காலம் தாண்டாது, தூக்கிரும்." சொன்னவன் அதோடு விட்டானா? தொழில் ரோஷம் பொங்கி வந்துவிட்டது. "இது நான் போட்டதில்ல சார். நான் போட்டது ரெண்டாவது மாடியும் மூணாவது மாடியும். அங்க வந்து தட்டிப் பாருங்க, ஒரு கல்லு சத்தம் போட்டா என் பேரை மாத்திக்கறேன்!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது வாய் ஒன்றுதான் எதிரி. பெரியவர் தரையைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், கைத்தடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோபாவில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, நிதானமாகச் சொன்னாள். "உங்க மனைவியும் பாப்பாவும் இருக்கட்டும். அவங்களால எனக்கு ஒன்பது வீடு வித்திருக்கு; வாங்கினது எல்லாம் வாடகைக்கு விடற வெளியூர்க்காரங்க, உங்க முகத்தைத் தேடி வர மாட்டாங்க. உங்களால ஒண்ணு போச்சு. நீங்க கீழ பம்ப் ரூமைப் பார்த்துக்கங்க. வீட்டுக்காரர் இடத்துக்கு வேற ஆள் போடறேன்."

"வேற ஆளுன்னா?" என்றாள் மனைவி.

"நடிக்கத்தாம்மா. சனி, ஞாயிறு ரெண்டு நாள், ஆளுங்க வர்ற நேரம் மட்டும். நல்ல பையன், நான் கேரன்ட்டி."

மேடம் போனதும் மனைவி பாத்திரங்களை எடுத்து மூட்டை கட்ட ஆரம்பித்தாள். "எனக்கு இந்த வேலை வேணாங்க. கொட்டகைக்கே போயிடலாம். நனைஞ்சா நனையறோம்."

அந்த நேரத்தில் அவன் வாயை மூடிக்கொண்டு ஒரு மூட்டையைத் தூக்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவனோ மூட்டையைப் பிரித்தான். "போய்? மறுபடி ஈரத் துணியில பிள்ளையைப் படுக்க வைக்கப் போறியா? ஆறு மாசம்தானே. கட்டடம் நிரம்பினா ரெண்டு ரூம் நம்மளது. அவன் என்ன உன்னைக் கடிச்சுத் தின்னுடவா போறான்?"

"ஊரான் ஒருத்தனை வீட்டுக்காரன்னு எப்படிங்க சொல்லுவேன்?"

"வாய்தானே சொல்லப்போகுது. சொல்லிட்டுக் கொப்புளிச்சுத் துப்பு."

அவள் அழுதாள். அவன் கத்தினான். கடைசியில் அவள் பாத்திரங்களைத் திரும்ப அடுக்கினாள்.

வந்தவனுக்கு ஊரில் கரடி என்று பெயர். பெரிய கடைவாசலில் கரடி உடுப்பு மாட்டிக்கொண்டு பிள்ளைகளுக்கு பலூன் கொடுத்தவன். முகம் சினிமாக்காரன் மாதிரி இருந்தது. அந்த முகத்தை மூடி வைத்துத்தான் இதுவரை சோறு தின்றிருக்கிறான், என்ன செய்ய. மரியாதைக்காரன். டைல்ஸ்காரனை "அண்ணே" என்றான், அவன் மனைவியை "அண்ணி" என்றான். உட்காரச் சொன்னாலொழிய உட்காரவில்லை.

பாப்பாதான் சொன்னபடி கேட்கவில்லை. கரடியைக் காட்டி "இது யாரு?" என்றால், "கரடி மாமா" என்றாள். அடுத்த சனிக்கிழமைக்குள் அவளைத் தயார் செய்ய வேண்டும் என்று மேடம் கெடு வைத்துவிட்டாள். டைல்ஸ்காரனே அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டான். பம்ப் ரூமில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு மகளை எதிரே உட்கார வைத்தான்.

"வெளி ஆளு இருந்தா அவரு யாரு?"

"மாமா."

முட்டியில் ஒரு தட்டு. "வெளி ஆளு இருந்தா?"

"அப்பா."

"நான் யாரு?"

பாப்பா கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்பா."

இன்னொரு தட்டு, இந்தத் தடவை கொஞ்சம் பலமாக. "வெளி ஆளு இருந்தான்னு சொன்னேன்ல? நான் பம்ப் மாமா. சொல்லு."

மூன்று நாள் ஆனது. நாலாம் நாள் பாப்பா தப்பே செய்யவில்லை. அவன் சந்தோஷத்தில் அவளைத் தூக்கிச் சுற்றினான். நல்ல வேலைக்காரன், எதைப் பதித்தாலும் பெயராத மாதிரிதான் பதிப்பான்.

கரடி வந்த ராசியோ என்னவோ, வீடுகள் கிடுகிடுவென விற்றன. முதல் இரண்டு மாதம் எல்லாம் பேசின பேச்சுப்படி நடந்தது. பார்க்க வந்தவர்கள் போனதும் கரடி இறங்கிப் போவான், டைல்ஸ்காரன் படியேறி வருவான். ஆனால் விற்ற வீட்டில் ஆள் வந்து உட்காரும் என்பதை அவனும் யோசிக்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை. எதிர்வீட்டில் ஒரு குடும்பம் வந்தது, மேலே ஒன்று, கீழே இரண்டு. பக்கத்து வீட்டார் என்றால் சனி, ஞாயிறு மட்டும் கண் திறப்பவர்களா? சாயங்காலம் ஆனால் வீட்டுக்காரர் ஏன் வெளியே போகிறார், பம்ப் ரூம் ஆள் ஏன் உள்ளே போகிறான் என்று கேட்க மாட்டார்களா? மேடம் ஒரே வரியில் முடித்துவிட்டாள். "தம்பி இனிமே ஹால்லயே படுத்துக்கட்டும்."

டைல்ஸ்காரனின் பாய் பம்ப் ரூமுக்கு வந்தது. மத்தியான நேரத்தில், எதிர்வீட்டுக் கதவு மூடியிருக்கும்போது, கையில் ஒரு ஸ்பானரோடு பின்படி வழியாகத் தன் வீட்டுக்கு ஏறிப் போவான். வாரம் ஒரு தடவை. பத்து நிமிஷம். சமையலறையில் நின்றுகொண்டே பேச்சு.

"அவன் எங்க படுக்கறான்?"

"ஹால்ல, பாய் போட்டு."

"நீ ரூம் கதவைச் சாத்திக்கறியா?"

அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். "கொண்டாந்து விட்டவரு நீங்க. இப்ப தாழ்ப்பாளை வந்து எண்ணறீங்களா?"

அதற்கப்புறம் அவன் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தால் நடக்காமல் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

ஒரு நாள் அவன் கீழே தோட்டத்துக் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தான். நாலைந்து குடும்பத்துப் பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், அவளும் இருந்தாள். "என்னங்க..." என்று அவள் குரல் கேட்டது. அவன் பட்டென்று நிமிர்ந்து, "என்ன?" என்றான். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவளோ கேட் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்த கரடியைப் பார்த்து, "பாப்பாவுக்குப் பென்சில் வாங்கினீங்களா?" என்று முடித்தாள். பெண்களில் ஒருத்தி கொல்லென்று சிரித்தாள். "அவங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டா இவரு ஏன்ப்பா பதில் சொல்றாரு?" அவனும் சிரித்து வைத்தான். குனிந்து குழாயை மறுபடி கழற்றினான், கழற்றியதையே கழற்றினான்.

எட்டாவது மாதம் கடைசி வீடும் விற்றது. குடியிருப்போர் சங்கம் ஆரம்பித்தார்கள். ஐந்தாவது மாடிக்காரர் தலைவர். மேடம் டைல்ஸ்காரனைக் கூப்பிட்டு, பராமரிப்பாளர் வேலைக்கான கடிதத்தையும் இரண்டு ரூம் சாவியையும் கையில் கொடுத்தாள். "பார்த்தீங்களா, சொன்ன சொல் மாறலையே நான்."

சாவியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அன்று மத்தியானமே பின்படியில் ஓட்டமாக ஏறினான், ஸ்பானரைக்கூட எடுக்கவில்லை. வீட்டில் அட்டைப்பெட்டிகள் திறந்து கிடந்தன. மனைவி துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"சாவி வந்துருச்சு! அட, நீயும் கட்ட ஆரம்பிச்சுட்டியா? ராத்திரி சாப்பாடு கீழதான்."

அவள் நிமிரவில்லை. "மேடம் உங்ககிட்ட சொல்லலியா? ரிங் ரோடு பக்கம் புதுக் கட்டடம் எழும்பியிருக்கு. நாளைக்கு நாங்க அங்க போறோம். அஞ்சாவது மாடி."

"நாங்கன்னா யாரு?"

அவள் அடுத்த பெட்டியை இழுத்துவைத்தாள். அவன் சாவியைக் காட்டினான். ஏதோ அவளுக்குக் கண் தெரியாத மாதிரி, முகத்துக்கு நேராகவே ஆட்டிக் காட்டினான். "இதுக்காகத்தானே இவ்வளவும். ரெண்டு ரூம். நம்ம வீடு."

"அந்த ரூம்ல நான் எப்படிங்க வந்து இருக்கறது? இங்க இருக்கற அத்தனை பேருக்கும் நான் நாலாவது மாடி அம்மா. வீட்டை வித்துட்டுப் போறோம்னு சொல்லியாச்சு. நாளைக்கே பம்ப் ரூம்காரர் பொண்டாட்டின்னு எந்த மூஞ்சியோட வந்து நிப்பேன்? விஷயம் வெளிய வந்தா உங்க வேலை ஒரு நாள் நிக்குமா?"

அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பிசகில்லை. அதுதான் கொடுமை. எட்டு மாதமாக மனதில் அந்த இரண்டு ரூமில் சட்டி வைத்து, பாய் விரித்து, பிள்ளையைப் படிக்க உட்கார வைத்தவனுக்கு இந்தச் சின்ன விஷயம் உறைக்கவே இல்லை. மேடத்துக்கு உறைத்திருக்கும். சாவி கொடுக்கும்போது உறைத்துக்கொண்டேதான் சிரித்திருப்பாள்.

"வேண்டாம். எல்லாத்தையும் விட்டெறிஞ்சுட்டுக் கொட்டகைக்குப் போவோம்," என்றான்.

"கொட்டகையை இடிச்சு கார் நிறுத்தற இடம் ஆக்கிட்டாங்க." அவள் ஒரு பாவாடையை நான்காக மடித்தாள். "ஆறு மாசம்தானே. போயிட்டு வர்றோம்."

மறுநாள் காலை லாரி வந்தது. சாமான் ஏற்றுவது பராமரிப்பாளரின் முதல் வேலையாக அமைந்தது. சங்கத் தலைவரும் ஏழெட்டுக் குடும்பங்களும் வழியனுப்ப வந்து நின்றார்கள். "உங்களை மாதிரி ஒரு குடும்பம் போறது எங்களுக்குத்தான் சார் நஷ்டம்," என்று தலைவர் கரடியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மேடம் காரில் சாய்ந்து நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

டைல்ஸ்காரன் மேலே போனான், சோபாவை இறக்கினான், ஃபிரிட்ஜை இறக்கினான். கடைசியாகப் படுக்கை. பெரிய மெத்தை ஒன்று. பாப்பாவின் சின்ன மெத்தை ஒன்று. இரண்டையும் லாரியில் ஏற்றிவிட்டு, ஹாலில் படுத்தவனின் பாயை எடுக்கத் திரும்பப் போனான். ஹாலில் பாய் இல்லை. அறைகளில் இல்லை. பரண்மேல் பார்த்தான், கதவுக்குப் பின்னால் பார்த்தான். அந்த வீட்டில் பாய் என்று ஒன்று இல்லவே இல்லை.

நாலு மாடியும் எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. முட்டி வலி எங்கே போனதோ. நேராக வந்து கரடியின் சட்டையைப் பிடித்தான்.

"இவ என் பொண்டாட்டி! அது என் பிள்ளை! இவன் கூலிக்கு வந்தவன்! எல்லாரும் கேட்டுக்கங்க, இது பூரா நாடகம்!"

தலைவர்தான் முதலில் அடித்தார். அப்புறம் இன்னும் இரண்டு பேர். "காலங்காத்தால குடிச்சிட்டு வந்து நிக்கிறான் பாரு," என்று யாரோ சொன்னார்கள். உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் சொட்டியது. கரடி தன் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றான். பாப்பா அவன் காலைக் கட்டிக்கொண்டு, "பம்ப் மாமாவை ஏன் அடிக்கறாங்க?" என்று வீறிட்டாள்.

டைல்ஸ்காரன் மனைவியைப் பார்த்துக் கைகூப்பினான். "நீ சொல்லு. உன் வாயால சொல்லு. என்னைத் தெரியுமா, தெரியாதா?"

கூட்டம் அவள் பக்கம் திரும்பியது. மேடம் போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

"தெரியும்," என்றாள் அவள்.

ஒரு கணம், தகரக் கொட்டகைகூட இல்லாத அந்த ஊரில், அவனைவிடச் சந்தோஷமான ஆள் யாரும் இல்லை.

"குழாய் ரிப்பேருக்கு வருவாரு. நல்ல மனுஷன்தான்." அவள் தலைவரைப் பார்த்துத்தான் பேசினாள், குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. "பொண்டாட்டி பிள்ளை இவரை விட்டுட்டுப் போயிட்டாங்களாம். அதுலேருந்து புத்தி அப்பப்ப இப்படி ஆயிடுது. வேலையை விட்டு மட்டும் எடுத்துடாதீங்க சார். போக்கிடம் இல்லாதவரு."

பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். தலைவர் அவன் சட்டையை விட்டார். "அந்தம்மா சொல்றதால விடறேன். அவங்க மனசு வருமா உனக்கு? போ, போய் மூஞ்சியைக் கழுவு. முதல்ல கேட்டைத் திற."

அவள் பாப்பாவை ஏற்றிவிட்டு, தானும் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். கரடி கடைசியாக ஏறிக் கதவைச் சாத்தினான். லாரி திரும்ப உள்ளே இடம் போதவில்லை. பின்பக்கமாக நகர்ந்தேதான் வெளியே போக வேண்டும். டிரைவர் தலையை நீட்டி, "யோவ், பின்னால நின்னு பார்த்துச் சொல்லுய்யா," என்றான்.

அவன் கேட்டைத் திறந்துவைத்து, நடுத்தெருவில் போய் நின்றான். வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பிவிட்டு, கையை ஆட்டி ஆட்டி, "வா, வா... இன்னும் வா..." என்று கத்தினான்.